கஞ்சி போட்ட பிறகுதான் சதுரம் படிந்தது

வெட்டுத்துணிகளை இணைத்து நான் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கு வேண்டிய 80 சதுரங்களில் நேற்றோடு 52 முடிந்துவிட்டன. அத்தனையும் தரையில் விரித்தால் தட்டையாகப் படிகின்றன. முதலில் தைத்த 11 சதுரமும் பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் உப்பி, ஓரம் சுருண்டு, எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அடங்காமல் மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தின. அதனால் இந்த 52 எனக்குப் பெரிய விஷயம்.

துணி முழுக்க எங்கள் தெரு டெய்லர் அக்கா மூட்டையாகக் கட்டிக் கொடுத்த பிளவுஸ் வெட்டுத்துண்டுகள். ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச் பட்டைகளாக நறுக்கி, அடித்துணி மேல் மூலைக்கு மூலை சாய்வாக ஒவ்வொன்றாகத் தைத்துத் திருப்பும் முறை. அடியில் முதலில் செய்தித்தாள் வைத்தேன். கிழித்தெடுக்கும்போது தையலும் சேர்ந்து இளகியது, சந்தன நிறத் துண்டுகளில் அச்சு மை வேறு ஒட்டிக்கொண்டது. சரி என்று அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கரை நீக்கி 7 இஞ்ச் சதுரங்களாக வெட்டிவிட்டேன். தைத்தபின் அதை ஆறரைக்குச் சீவ வேண்டும், இணைத்தால் ஆறு நிற்கும். எட்டுக்குப் பத்து வைத்தால் 48க்கு 60 இஞ்ச் போர்வை.

வேட்டிக்கு மாறியும் உப்பல் போகவில்லை. காரணம் துண்டிலேயே இருந்தது. துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டும் கிராஸ் கட்டிங் பிளவுஸில் மிஞ்சும் துண்டுக்கு நேர் இழை ஓரமே கிடைக்காது, லேசாகப் பிடித்தாலே ரப்பர் மாதிரி நீளும். நீண்ட நிலையில் தைத்துவிட்டால் பிறகு அது சுருங்கும்போது வேட்டியையும் சேர்த்து இழுக்கிறது. நானோ மெஷினில் துணியைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தே பழகியவள்.

சோறு வடித்த கஞ்சிதான் கைகொடுத்தது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நான்கு டம்ளர் தண்ணீர், மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் போட்ட கருநீலத் துண்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. துண்டுகளை முக்கிப் பிழியாமல் உதறி நிழலில் போட்டு, கைக்கு இன்னும் சில்லென்று இருக்கும்போதே இஸ்திரி. பெட்டியை ஓட்டக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும்; ஓட்டினால் அந்த ஈரத்திலேயே துணி நீண்டுவிடும். காய்ந்தபின் காகிதம் மாதிரி மொடமொடவென்று நிற்கும். அப்புறம்தான் பட்டை வெட்ட வேண்டும். முன்பு வெட்டிவிட்டுக் கஞ்சி போட்ட பட்டைகள் வில்லாக வளைந்து வீணாகிவிட்டன. போர்வை முடிந்ததும் நன்றாக அலசிவிட வேண்டும், கஞ்சி வாசனைக்குக் கரப்பான் வரும்.

மூட்டையில் பாலியஸ்டர் லைனிங்கும் கலந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கிறேன். பருத்தி காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும், மற்றது உருகி மணியாகிவிடும். உருகுவதையெல்லாம் தனிப் பையில் போட்டுவிட்டேன், தலையணைக்குள் திணிக்க ஆகும். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறதே என்று ஒரு மூட்டை வாங்கினேன், எல்லாம் இழுத்தால் நீளும் பின்னல் துணி. இந்த வேலைக்கு அது ஆகவே ஆகாது. கால்மிதி பின்ன மட்டும் அருமையாக இருக்கிறது, இரண்டு பின்னிவிட்டேன்.

நான்கு சதுரங்களை இணைத்துப் பார்த்ததில் நடு மூலை தடித்துப்போய் 14ஆம் நம்பர் ஊசி முறிந்தது. அதைவிடத் தடித்த 16க்கு மாறி, தையல் மடிப்பை இருபுறமும் பிரித்து அமுக்கியதும் பரவாயில்லை. போர்வையின் மேல், கீழ் அடுக்குகளுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம், எங்கள் ஊர் வெயிலுக்குப் பழைய நூல் சேலை ஒன்றே போதும்.

இதற்கு நடுவில் மனம் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையின் மேல் போய்விட்டது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைப்பது. பழைய சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் துண்டுகளை மடித்து மடித்துக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு வருவார்கள், நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூ வைப்பார்கள். சதுரமாக வெட்டவே வராத கைவளைவுத் துண்டுகளை அதற்கென்று எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன், அம்மாவின் அரக்குச் சேலையும் தயாராக இருக்கிறது. இன்னும் 28 சதுரம் பாக்கி, அடர் நிறப் பட்டைகள் தீர்ந்துவிட்டன. நாளைக்கு டெய்லர் அக்காவிடம் போக வேண்டும்.