எங்கும் போகாத கப்பலில் ஏறலாமா?

அக்டோபர் 8, 2020, வியாழன்

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பல் மறுபடியும் கிளம்பப் போகிறது. பயணத்துறைக் கழகத்தின் அறிவிப்பு இன்று வந்தது. நவம்பர் 6ஆம் தேதி 'வேர்ல்டு டிரீம்', டிசம்பரில் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்'. எந்த ஊரிலும் நிற்காது. இரண்டு மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு மரினா பேக்கே திரும்பிவிடும். இங்கே வசிப்பவர்கள் மட்டும்தான் ஏறலாம், அதுவும் கப்பல் கொள்ளும் ஆளில் பாதிப் பேர்.

இரவுச் சாப்பாடு முடிவதற்குள் மகள் கட்டண விவரத்தைக் கைப்பேசியில் எடுத்து நீட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டிசம்பர் விடுமுறை என்றால் எங்களுக்குத் திருச்சி, அங்கிருந்து ஊர், பொங்கலுக்கு முன்னால் திரும்புவது. இந்த வருடம் அதற்கு வழியே இல்லை. பக்கத்தில் இருக்கும் ஜோகூருக்குக்கூடப் போக முடியவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பிப்ரவரி முழுக்க ஜப்பானின் யோக்கஹாமாவில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குத் தொற்று. உள்ளே மாட்டிக்கொண்ட இந்திய ஊழியர்கள் முகக்கவசத்தோடு நின்று உதவி கேட்ட காணொளியை அப்போது எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது நவம்பரில் கிளம்பும் 'வேர்ல்டு டிரீம்' மட்டும் என்ன? அதே பிப்ரவரியில் ஹாங்காங்கில் பயணிகளோடு நிறுத்திவைக்கப்பட்ட கப்பல்தான். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் வந்தவர்களுக்குத் தொற்று இருந்தது பிறகு தெரிந்தது. ஊழியர்கள் அத்தனை பேரையும் சோதித்து, யாருக்கும் இல்லை என்றான பிறகே இறங்கவிட்டார்கள்.

"அப்போ டெஸ்ட் இல்ல, இப்போ இருக்கு" என்றாள் மகள். சரி, பார்க்கலாம்.

அக்டோபர் 24, சனி

சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் ஏ380 விமானத்துக்குள் இன்று முதல் சாப்பாடு போடுகிறார்கள். பறக்காத விமானத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர் எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கப்பல் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். ஏறுவதற்கு முன் பரிசோதனை. கப்பலிலும் ஒரு மீட்டர் இடைவெளி, சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் தவிர முகக்கவசம், ஒரு குழுவில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. பஃபேயில் நாமே கரண்டியைத் தொட முடியாது, ஊழியர்தான் எடுத்து வைப்பார். யார் யார் பக்கத்தில் இருந்தோம் என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். இதையெல்லாம் சரியாகச் செய்வதாகச் சான்றிதழ் வாங்கிய கப்பல்தான் கிளம்பலாம்.

படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்த விதிகளில் பாதி, தொற்று கப்பலில் ஏறாமல் இருக்க. மீதிப் பாதி, ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு. இந்த இரண்டாவது பாதியைத்தான் விளம்பரத்தில் காட்ட மாட்டார்கள். எனக்கு அதில்தான் அக்கறை. மார்ச்சில் சிட்னியில் 'ரூபி பிரின்சஸ்' கப்பலிலிருந்து சுமார் 2,700 பேரைப் பரிசோதனை முடிவு வரும் முன்பே இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தொற்றும் அவர்களோடு ஊர் ஊராகப் போனது. யோக்கஹாமாவில் இறக்காமல் வைத்திருந்தார்கள், உள்ளேயே பரவியது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும். எங்கும் நிற்காத கப்பல் என்பது அதற்குத்தான் போலிருக்கிறது. ஏதாவது என்றால் கேட்டு நிற்க வேறு துறைமுகம் வேண்டாம், சொந்த வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம்.

நவம்பர் 10, செவ்வாய்

அலுவலகத் தோழி ஒருவர் 'வேர்ல்டு டிரீம்' முதல் பயணத்தில் போய் வந்தார். முனையத்திலேயே மூக்கில் குச்சி விட்டுச் சோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு, அப்புறம்தான் பெட்டியைத் தூக்க விட்டார்களாம். கப்பலில் என்ன பிடித்தது என்று கேட்டேன். "கூட்டமே இல்ல. நாற்காலிக்குச் சண்டை இல்ல" என்றார். என்ன பிடிக்கவில்லை? "நடுக்கடல்லயும் இடைவெளி விடுங்கன்னு சொல்ல ஒரு ஆள் நிக்கிறார்."

இந்த இரண்டும் ஒரே விஷயம்தான் என்று நான் சொல்லவில்லை. புகைப்படங்களில் அவர் முகம் மலர்ந்திருந்தது.

நவம்பர் 14, சனி, தீபாவளி

வீட்டுக்கு ஐந்து விருந்தினருக்கு மேல் வரக்கூடாது. காலையில் ஒரு ஐந்து பேர், மாலையில் ஒரு ஐந்து பேர் வந்துவிடப் போகிறார்களே என்று தொலைபேசியிலேயே சொந்தத்தைச் சமாளித்தோம். முறுக்கு மிஞ்சிக் கிடக்கிறது.

மாலையில் பேச்சு மறுபடி கப்பலுக்குப் போயிற்று. இதுவரை வாயே திறக்காத அத்தை, "நான் கப்பல்ல வந்தவதானே, என்னை யாரும் கேக்கலியே" என்றார்.

அவர் சிங்கப்பூருக்கு வந்தது 'ரஜுலா'வில். 1926இல் கட்டிய பழைய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கில் தமிழர்களை ஏற்றி இறக்கியது. அத்தைக்கு அப்போது எட்டு வயது. அப்பா இங்கே துறைமுகத்தில் வேலை. அம்மாவும் இவரும் தம்பியும் நாகப்பட்டினத்தில் ஏறினார்கள். டெக் டிக்கெட். அறையெல்லாம் கிடையாது, பாயை விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் கைப்பிடியில் சேலை முந்தானையை முடிச்சுப் போட்டுக்கொண்டு அவர் அம்மா தூங்குவாராம். பெட்டி போனாலும் தெரிய வேண்டும், கப்பல் சாய்ந்தாலும் தெரிய வேண்டும்.

சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இறங்க முடியவில்லை. கப்பலில் யாருக்கோ அம்மை. டெக்கில் வந்தவர்களைப் படகில் ஏற்றி செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மேல்தட்டு அறைகளில் வந்தவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே ஊருக்குள் போய்விட்டார்கள். தீவில் துணிமணியையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய் ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். தம்பியின் புதுச் சட்டை சாயம் போய், அம்மாவின் சேலையெல்லாம் அதே சிவப்பு. கையில் அம்மை குத்தினார்கள். அந்த வடு இன்னும் அத்தையின் இடது தோளில் காசளவுக்கு இருக்கிறது. மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் அப்பா நிக்கிறார்னு தெரியும். நடுவுல கொஞ்சூண்டு தண்ணி. எத்தனை நாள் வச்சிருப்பாங்கன்னு யாரும் சொல்லல. சாப்பாடு நேரத்துக்கு வந்துரும், அதுல குறையில்ல. எப்போ விடுவாங்கன்னு சொல்லியிருந்தா அம்மா அழுதிருக்க மாட்டாங்க."

மரினா பேயிலிருந்து தெற்கே கிளம்பும் கப்பல் அந்தத் தீவின் பக்கமாகத்தான் போகும் என்று என் கணவர் வரைபடத்தைக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். போக வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 21, சனி

ஹாங்காங்குக்கு நாளை திறக்க இருந்த விமான வழியை ஒத்திவைத்துவிட்டார்கள். அங்கே தொற்று ஏறிவிட்டது. பெட்டி கட்டி முடித்தவர்களின் கோபத்தை நாள் முழுக்க வாட்ஸப்பில் படித்தேன். பயணச் சீட்டு வாங்கும்போது தேதியை மாற்ற முடியுமா என்பதை முதலில் கேள் என்று எனக்கு நானே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 9, புதன்

நடந்தேவிட்டது. 'குவாண்டம்' கப்பலில் ஒருவருக்கு கொவிட். 83 வயதுப் பெரியவர். வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போயிருக்கிறார், விதிப்படி சோதித்திருக்கிறார்கள், பாசிட்டிவ். நான்கு நாள் பயணத்தின் மூன்றாவது நாள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒலிபெருக்கியில் எல்லாரையும் எழுப்பி அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொன்னார்களாம். காலையில் கப்பல் மரினா பேக்குத் திரும்பிவிட்டது. ஆனால் 1,680 பயணிகளும் 1,148 ஊழியர்களும் இறங்க முடியாமல் உள்ளே. சாப்பாடு அறை வாசலுக்கு வருகிறது.

அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. தோழியின் முகத்தில் தப்பித்தோம் என்கிற களை. வீட்டில் மகள் வாய்மூடி இருந்தாள். கணவர் மட்டும், "பாத்தியா, கரைக்கு வந்தாச்சுல்ல?" என்றார், ஏதோ இவரே ஓட்டிவந்த மாதிரி.

இரவு ஏழரைக்கு மேல் பயணிகளை இறக்கத் தொடங்கினார்கள். அதற்குள் இன்னொரு செய்தி. தேசிய ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெரியவரின் பழைய மாதிரியை மறுபடி சோதித்ததில் தொற்று இல்லை. புது மாதிரியிலும் இல்லை.

டிசம்பர் 10, வியாழன்

இன்றைய சோதனையிலும் இல்லை. ஆக அவருக்குக் கொவிட் இல்லவே இல்லை என்று சுகாதார அமைச்சு உறுதிசெய்துவிட்டது.

பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்தால் இப்படி நடப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஊரெல்லாம் நோய் இருந்தால் பாசிட்டிவ் என்பது பெரும்பாலும் நோயாகத்தான் இருக்கும். இங்கேயோ சமூகத்தில் ஒரு தொற்றுகூட இல்லாத நாட்கள் நவம்பரில் வரிசையாக வந்தன. கப்பலில் ஏறும் முன்பும் எல்லாரையும் சோதித்தாயிற்று. ஆயிரம் சோதனையில் ஒன்று பிசகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நோய் இல்லாத ஊரில் பொய் மணி அடிப்பது மெய் மணியைவிட அதிகமாக இருக்கும். ஊர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு இந்தத் தலைவலி.

ஆகவே எங்கள் வீட்டில் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பாதிக் கேள்விதான். தொற்று வருமா வராதா என்றே பேசினோம். யாருக்கும் நோயே இல்லாமல் ஒரு பகல் முழுக்க அறைக்குள் அடைபட்டால் சம்மதமா? அதைக் கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மகளுக்குச் சம்மதம், வைஃபை இருந்தால் போதும். மகனுக்கு அறைச் சாப்பாடே பெரிய கவர்ச்சி. கணவருக்குச் சம்மதமில்லை. காரணம் பயமல்ல. மெய்யாகவே தொற்று என்றாகி, பக்கத்தில் இருந்தவர் என்று 14 நாள் தனிமை உத்தரவு வந்தால் அவருடைய கிடங்கை யார் பார்ப்பார்கள்?

அத்தையிடம் கேட்டேன். "எவ்வளவு நேரம்னு சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வப்போது அறிவிப்பு செய்தார்களாம் என்றேன். "அப்போ பரவால்ல."

டிசம்பர் 14, திங்கள்

'குவாண்டம்' மறுபடி கிளம்பியது. நடுவில் ஒரு பயணத்தைத்தான் ரத்து செய்தார்கள்.

இன்றுதான் பிரதமர் பேசினார். 28ஆம் தேதி முதல் கட்டுப்பாட்டுத் தளர்வின் மூன்றாம் கட்டம், எட்டுப் பேர் கூடலாம், தடுப்பூசி எல்லாருக்கும் இலவசம். இதே நாளில் இன்னொரு அறிக்கையும் வந்தது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருப்பவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. ஏறக்குறைய இரண்டில் ஒருவர். ஏப்ரலிலிருந்து அவர்களுக்கு வேலைத்தளம், அறை, மறுபடி வேலைத்தளம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமே இல்லாமல் போனது அதனால்தான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சிலரை மாதம் ஒருமுறை வெளியே விட்டுப் பார்ப்பார்களாம். கப்பலில் ஒரு பகல் அடைந்து கிடந்தவர்களின் கதை பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தது. நானும் ஒரு வரி விடாமல் படித்தேன். டெக் டிக்கெட், அறை டிக்கெட் என்று அத்தை சொன்னது இன்று முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 30, புதன்

இன்று தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. அடுத்து முதியவர்கள். அத்தைக்கு 76. ஊசி போட்டு முடித்த பிறகு போவது என்று முடிவு. விடுமுறையைப் பார்த்து மார்ச். கணவர் வரவில்லை, கிடங்குதான் முக்கியம். நான், அத்தை, பிள்ளைகள் இருவர்.

அறை விஷயத்தில் இன்று சண்டை. உள்பக்க அறை மலிவு, அதில் சன்னலுக்குப் பதிலாகச் சுவரளவு திரையில் வெளியே இருக்கும் கடலை அப்படியே காட்டுகிறார்கள். மகளுக்கு அது போதும். "டிவியில கடல் பாக்கவா கப்பல் ஏறணும்?" என்று அத்தை ஒரே போடு போட்டார். எனக்கும் அதே கட்சி, ஆனால் காரணம் வேறு. அடைத்துவைத்தால் கதவைத் திறந்து காற்று வாங்க ஓர் இடம் வேண்டும். பால்கனி அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று. தேதி மாற்றலாம் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன். காப்புறுதி நிறுவனம் மட்டும் கொவிட் தனிமைக்குப் பணம் தருமா என்ற கேள்விக்கு மூன்று பக்கத்துக்குப் பதில் அனுப்பியிருக்கிறது. இரண்டு முறை படித்தேன், தராது என்றுதான் தெரிகிறது.

பிப்ரவரியில் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மறக்காமல் கேட்க வேண்டும்: அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை, நான்கு நாளுக்கு இல்லை, மூன்று வாரத்துக்கு.