ஆய்வு முடிவு பங்கேற்றவர்களைச் சென்றடைந்த விதம்

நீரிழிவினால் பாதங்களில் எரிச்சல் உள்ளவர்களிடம் ஒரு மாத்திரையைச் சோதித்த மருத்துவ ஆய்வில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினேன். தரவுகள் இறுதி செய்யப்பட்டு, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத மாத்திரை என்ற குறியீடு திறக்கப்பட்டபோது, இரு குழுக்களிலும் எரிச்சல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. அந்த மாத்திரையால் கூடுதல் பயன் இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, ரத்தம் கொடுத்து, பேருந்து ஏறி வந்தவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் எங்கள் முதன்மை ஆய்வாளர் உறுதியாக இருந்தார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

பங்கேற்றவர்களுக்கு ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் கூறுகிறது. இந்தியாவில் 2009 முதல் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவகத்தில் பதிவது கட்டாயம் என்பதால், ஆய்வின் விவரம் இணையத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் தேடிப் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை.

பங்கேற்பாளரிடம் தரும் எந்தத் தாளும், அவர்களின் நலனையும் உரிமையையும் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆகவே எளிய தமிழில் எழுதிய சுருக்கத்தையும், தொலைபேசியில் என்ன சொல்வோம் என்பதன் வரைவையும் சேர்த்தே சமர்ப்பித்தோம். பக்க விளைவுகளை இன்னும் விரிவாக எழுதும்படி குழுவிலிருந்த பொதுமக்கள் பிரதிநிதி கேட்டார். அந்தத் திருத்தத்தால் சுருக்கம் மேலும் நேர்மையானதாயிற்று. ஆய்விதழில் கட்டுரை வருமுன் சொல்லலாமா என்று நிதி அளித்தவர்கள் தயங்கினர். பதிவகத்தில் முடிவைச் சுருக்கமாக இடுவதை, ஆய்வு ஏற்கெனவே வெளியாகிவிட்டதாகக் கருதுவதில்லை என மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு கூறியிருப்பதை எடுத்துக்காட்டிய பின் இசைந்தனர்.

அடுத்து, ஆட்களைச் சென்றடைய வேண்டியிருந்தது. மாங்காய் அறுவடையும் மாங்கூழ் ஆலை வேலையும் நடக்கும் மாதங்களில் யாரையும் அழைக்க இயலாது என்பதால் அவை முடியும்வரை காத்திருந்தோம். 2021-இல் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கும் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை வாங்க வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியவில்லை. ஊரில் கூட்டம் போட்டால் யாருக்கு என்ன நோய் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். தபாலில் அனுப்பினால் யாராவது பிரித்துப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். எனவே முதலில் தொலைபேசியில் விருப்பம் கேட்டு, சம்மதித்தவர்களைத் தனித்தனியே சந்தித்தோம். தேன்கனிக்கோட்டைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோருக்கு அந்த மொழி தெரிந்த செவிலியரே விளக்கினார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றவர்களை வற்புறுத்தவில்லை.

ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றேதான்: "எனக்குக் குடுத்தது மருந்தாம்மா, வெறும் மாத்திரையா?" ஆய்வின் பொது முடிவைவிட இதுவே அவர்களுக்கு முக்கியம் என்பதை முன்பே ஊகித்து, ஒவ்வொருவரின் குழு விவரத்தையும் தனி உறையில் வைத்திருந்தோம். காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தமக்குத் தரப்பட்டது மருந்தில்லாத மாத்திரை என்றறிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எரிச்சல் நெஜமாவே கொறஞ்சுதேம்மா, நான் பொய் சொல்லலியே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பதை முதன்மை ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார்: இந்த எரிச்சல் தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது; ஆய்வுக் காலத்தில் அவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார், பாதங்களைக் கவனித்துக்கொண்டார்; குணமாகும் என்ற நம்பிக்கையாலும் வலி குறைவதுண்டு; அவரைப் போன்றவர்கள் அக்குழுவில் இருந்ததால்தான் மாத்திரையின் உண்மையான பலன் தெரிந்தது. முடிவைச் சொல்லும் வேலையில் மிகக் கடினமானதும் மிகத் தேவையானதும் இந்த உரையாடல்தான் என்று கருதுகிறேன். வெறும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால், தாம் ஏமாற்றப்பட்டதாகவே அவர் நினைத்திருப்பார்.

ஆய்வுக் காலத்தில் வேறு காரணத்தால் இறந்துபோன ஒருவரின் மனைவியிடமும் விருப்பம் கேட்டோம். அவர் வந்து, கேட்டு, தாளை வாங்கிச் சென்றார். தொடர்பு எண் மாறியதால் சிலரை இன்னும் எட்ட முடியவில்லை. அவர்களுடைய உறைகள் ஆய்வுக் கோப்பிலேயே உள்ளன. அடுத்த ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில், முடிவு தெரிய வேண்டுமா, எந்த மொழியில், தம்மை எட்ட இயலாவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்ற கேள்விகளைத் தொடக்கத்திலேயே சேர்த்து, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.