முருகேசன் யாருங்க?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு "முருகேசன்" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். நான்காவது முருகேசன் டீ குடிக்க வெளியே போயிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு இது தெரியாது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, பொது மருத்துவப் பிரிவின் ஓ.பி. கவுண்ட்டர். ஃபைலில் இருந்து தலையைத் தூக்காமல் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கவுண்ட்டருக்கு வந்து, "பாப்பா, எங்க அய்யாகூட என் பேரை இப்படிக் கத்திக் கூப்பிட்டதில்ல" என்றார். கோபம் எதுவும் இல்லை, டோக்கன் நம்பர் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் பதினோரு வருடம் அந்தக் கவுண்ட்டரில் இருந்தேன். என் வாயால் நான் அதிகம் சொன்னது அடுத்தவர்களுடைய பெயர்களாகத்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் நாற்பது பேர் நடுவே நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் எந்தப் பெட்டியில் எதை அடிக்க வேண்டும் என்பதுதான்.

அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு தனிப் புலம்பலே எழுதலாம். சாஃப்ட்வேரில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்த பெண் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்திருக்கிறார். நான் இனிஷியலை அடித்தேன். இரவு ஷிஃப்டில் இருந்த பையன் அதை மாற்றிப் போட்டுவிட்டான். மறுநாள் காலை சுவரில் இருந்த டிவித் திரையில் "மிஸ்டர் எஸ்", "மிஸ்டர் எம்", மறுபடியும் "மிஸ்டர் எம்" என்று ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வேறு, ஆதாரில் "முருகேசன் சுப்பையா", உங்கள் பில்லில் "எஸ். முருகேசன்", இரண்டு பேரும் ஒருவர்தானா என்று கேள்வி கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர்கள் அங்கே கிளினிக்கில் தங்களை "குமார்" என்று வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் குறைப்படுவதுண்டு. அங்கே அதற்கு மாற்றாக மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல வழி இருக்கிறது. நம் ஊரில் அந்த வழியை நாமேதான் அடைத்தோம். நல்ல காரணத்துக்காகத்தான் அடைத்தோம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பட்டம் இருந்த காலத்தில் மரியாதையாகக் கூப்பிட நினைப்பவர் சாதியைத்தான் சொல்லிக் கூப்பிட்டார். அது போனது நல்லதுதான். ஆனால் இப்போது கவுண்ட்டரில் நிற்பவளிடம் முருகேசன் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் எதைச் சேர்ப்பது என்பதை அந்த நொடியில் அவளே முடிவு பண்ண வேண்டும்.

சார் போடலாம். வேட்டி கட்டிய பாதிப் பேர் அது தனக்கில்லை என்று உட்கார்ந்தே இருப்பார்கள். மேடம் என்றால் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அம்மா என்பது பெரும்பாலும் தப்பாது, முப்பது வயதுப் பெண்களிடம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐம்பத்துச் சொச்சம் வயதில் நரையை மறைக்காமல் வந்த ஒருவரை "பாட்டி, இப்படி உட்காருங்க" என்றேன். அவர் கல்லூரிப் பேராசிரியர். உட்காரவில்லை. மருந்துச் சீட்டு வாங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். உறவு சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அது நல்ல அடி.

கடைசியில் நான் கண்டுபிடித்தது ஒரு சின்ன "ங்க". "முருகேசன் வாங்க", "முருகேசன் யாருங்க?" என்று மட்டும் சொன்னேன். சார், ஐயா எதுவும் இல்லை. பெயரில் ஏறாத மரியாதையை வினைச்சொல் சுமந்துகொள்ளும். சத்தமாகக் கூப்பிடாமல் நாற்காலி வரிசைக்கு நடந்து போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் கூட்டமான நாளில் எத்தனை தடவைதான் நடப்பது? முழங்கால் நமக்கும் இருக்கிறது.

டோக்கன் நம்பரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சில பிரிவுகளில் அதுதான் சரி. மனநலப் பிரிவிலும் குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவிலும் நம்பர்தான். அங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யார் எதற்கு வந்திருக்கிறார் என்பதை ஊருக்கே அறிவித்ததுபோல. பக்கத்துத் தெருக்காரர் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார். மற்ற இடங்களில் நம்பர் கூப்பிடுவதற்கு ஆகும், ஊசி போடுவதற்கு ஆகாது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு நடந்தபோது.

ரத்தம் எடுக்கும் அறை. லேபிள் ஒட்டிய குழாய்கள் தயார். "முருகேசன்தானே நீங்க?" என்று நான் கேட்டேன். பெரியவர் தலையாட்டினார். உள்ளே அனுப்பினேன். ரத்தம் எடுத்து முடித்த லேப் அக்கா லேபிளில் வயது 34 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இவருக்கு முப்பத்திநாலாடீ?" என்றார். அவர் பெயர் முனியாண்டி. காது சரியாகக் கேட்காது. மருத்துவமனைக்குள் வந்துவிட்டால் என்ன கேட்டாலும் தலையாட்டும் பழக்கம். பயமும் ஒரு காரணம். அந்தக் குழாய்களைக் கொட்டிவிட்டு, அவர் கையில் மறுபடியும் குத்தினார்கள். அவர் அதற்கும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து "நீங்க முருகேசனா?" என்று கேட்பதை விட்டேன். "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டு அவர் வாயால் வரவைக்க வேண்டும். கூடவே பிறந்த தேதியோ பதிவு எண்ணோ, இரண்டாவதாக ஒரு அடையாளம். அறை எண், கட்டில் எண் எல்லாம் சேர்த்தி இல்லை, கட்டில் மாறும். இது எங்கள் மருத்துவமனை கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு 2003இல் தன் பாதுகாப்பு இலக்குகளில் முதலாவதாக இதைத்தான் வைத்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் தன் ஒன்பது பரிந்துரைகளில் ஒன்றாக நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதைச் சேர்த்தது. நம் ஊருக்கு வரும்போது அதில் ஒரு சிக்கல். பிறந்த தேதி கேட்டால் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் ஜனவரி 1இல் பிறந்தவர்கள், ஆதார் எடுத்தவர் அப்படிப் போட்டுவிட்டார். ஆகவே பெயர்தான் கடைசிவரை துணை. பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது, நான்கு இடத்தில் நான்கு தடவை கேட்டே ஆக வேண்டும்.

கணவருக்கு அட்மிஷன் போட வரும் பாட்டிமார்களிடம் இந்த விதி பட்ட பாடு தனி. "உங்க வீட்டுக்காரர் பேர்?" என்றால் சிரிப்பார்கள். ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து, "மொட்டை போடப் போவோம்ல, படி ஏறி" என்றார். திருப்பதியா என்று கேட்டேன். "அது எதுக்கு அம்புட்டு தூரம், இங்கன" என்றார். பழனிச்சாமி. ரேஷன் கார்டைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அது அவருடைய இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எழுபது வயது இருக்கும் அவருக்கு, பெயர் கருப்பையா. கொத்து வேலையோ வயல் வேலையோ, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. "கருப்பையா ஐயா, வாங்க" என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர். மறுபடியும் கூப்பிட்டேன். "என்னையவா தாயி?" என்றபடி எழுந்தார். கூட வந்த பேரன் என்னிடம் தனியாகச் சொன்னான்: ஊரில் பத்து வயதுப் பையன்கூட அவரை "கருப்பா, இங்க வாடா" என்றுதான் கூப்பிடுவானாம், அந்தத் தெருக்காரர்கள் எல்லோரையும் அப்படித்தானாம். அவன் பி.இ. படித்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்லும்போது அவன் குரல் தரையைப் பார்த்தது என்று தோன்றியது எனக்கு.

அப்புறம் ஒருநாள் மேரி ஹாமில்டன் பற்றிப் படித்தபோது இந்தக் கருப்பையாதான் ஞாபகம் வந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண், உரிமைப் போராட்டக்காரர். 1963இல் அலபாமா மாநிலத்தில் ஒரு நீதிமன்ற விசாரணையில் அரசு வழக்கறிஞர் அவரை "மேரி" என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரச் சாட்சிகளுக்கு மிஸ்டர், மிஸ் உண்டு, கறுப்பர்களுக்கு வெறும் பெயர்தான் என்பது அங்கே வழக்கம். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிடும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்று நின்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் அபராதமும் விதித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நம் ஊரில் இப்படி ஒரு வழக்கு போட்டால் எதைக் கேட்டுப் போடுவது? பேச்சுவழக்கில் மிஸ் என்பதுபோல ஒரு தனிச்சொல் இல்லை. "டா"வை எடுத்துவிட்டு "ங்க" போடு என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த நான், என் அம்மாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போனேன். இருபத்திரண்டு வயதுப் பையன் கதவை அரைவாசி திறந்து, "சரஸ்வதி!" என்றான். அம்மா அசையவில்லை. "சரஸ்வதி இருக்கா இல்லையா?" என்றான் இரண்டாவது தடவை. எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. எழுந்து போய், "தம்பி, இருக்கா இல்ல, இருக்காங்க" என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். காலையில் இருந்து அவனும் ஐம்பது பேரைக் கூப்பிட்டிருப்பான் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டோவில் வரும்போது நான் இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. கல்யாணமாகி வந்ததில் இருந்து அவர் பெரியவனோட அம்மா, மூணாம் வீட்டக்கா, அத்தை, மதினி. அப்பா "ஏ, இங்க பாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "அந்தப் பய கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. யாரையோ கூப்பிடுறான்னு இருந்துட்டேன். பெறகுதான் அட, நம்ம பேருல்லன்னு தோணுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சிம்மக்கல் வருவதற்குள் இன்னொரு தடவை அதை நினைத்துச் சிரித்தார். யாருக்காகக் கோபப்பட்டேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

எங்களுக்கு ஒரு முறை பயிற்சி வகுப்பு நடந்தது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன் நோய் பரவிவிட்டதைச் சொல்ல வந்த டாக்டர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். நோயாளியிடம் போகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும் என்று 2013இல் ஓர் இயக்கமே தொடங்கினார். 2016இல் இறந்துபோனார். எனக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. மறுநாளே ஆரம்பித்தேன். "வணக்கம்ங்க, என் பேரு செல்வி, உங்க பதிவைப் பார்க்கிறது நான்தான்." எதிரில் இருந்தவர், "இருக்கட்டும்மா, டாக்டர் வந்துட்டாரா?" என்றார். ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். ஆனால் கையில் குத்துவதற்கு முன்னால் நர்ஸ் தன் பெயரைச் சொன்னால், நோயாளியின் தோள்பட்டை கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு, எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவுக்குக் காய்ச்சல் அதிகமாகி எங்கள் மருத்துவமனையிலேயே சேர்க்க வேண்டியதானது. டாக்டரும் ஆயாம்மா, நர்ஸும் ஆயாம்மா, நானும் ஆயாம்மா. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்ப்பவர். தினமும் பதினொரு மணிக்கு எனக்கு டீ கொண்டுவந்து வைப்பவர். கையில் கட்டும் பட்டையை அச்சடிக்கக் கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"உங்க பேர் என்னங்க?" என்றேன். விதிப்படி.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "பதினோரு வருசம் கழிச்சு கேக்குற" என்றார். பிறகு சொன்னார். இனிஷியலும் சேர்த்து.