பாபோஸ் கோட்டையில் 800 வருஷத்துக் கழிப்பறை

சைப்ரஸ் தீவின் பாபோஸ் ஊர் டாக்ஸிக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. மீட்டர் போடாமல் ஏற்றிக்கொண்டு, துறைமுகத்தில் இறங்கும்போது இருபது யூரோ என்றார். அதே தூரத்துக்குப் பஸ்ஸில் சில யூரோதான். எவ்வளவு வாதாடியும் மனுஷர் இறங்கி வரவில்லை. மதியச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போச்சு.

சரி, கோட்டைக்கு வருவோம். துறைமுகத்தில் கடலை ஒட்டி நிற்கும் சின்னக் கோட்டை இல்லை. தொல்லியல் பூங்காவுக்குள் இடிந்து கிடக்கும் சரந்தா கொலோனெஸ். கூட்டமெல்லாம் மொசைக் தரைகளுக்கு ஓடுகிறது. அதே டிக்கெட்டில் இதையும் பார்க்கலாம், விட்டுவிடாதீர்கள்.

1191-இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சைப்ரஸைப் பிடித்தார். அதையொட்டிச் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டிய கோட்டை இது என்கிறார்கள். 1222 நிலநடுக்கத்தில் விழுந்தது. மறுபடி யாரும் எடுத்துக் கட்டவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக் கழிப்பறை நமக்குக் கிடைத்திருக்கிறது. கல்லில் செதுக்கிய இருக்கை, அதில் அரைநிலா வடிவத்தில் ஓட்டை, அதற்குக் கீழே கழிவு இறங்கும் வழி. தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளும் ஏற்பாடெல்லாம் கிடையாது. எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த கல்! அதன் முன்னால் நின்றபோது எனக்குப் புல்லரித்தது.

கீழே காய்ந்து மண்ணாகிப்போன கழிவைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எடுத்து, தண்ணீரில் கரைத்து, சலித்து, நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். உருளைப்புழு, சாட்டைப்புழு இரண்டின் முட்டைகளும் இருந்தன. மலம் பட்ட மண், கழுவாத கை, அப்படியே சாப்பாடு என்று பரவும் புழுக்கள். முற்றுகை வந்து சோறு குறையும் காலத்தில், தின்ற கொஞ்சத்திலும் வயிற்றுப் புழு பங்கு கேட்டால் வீரன் எப்படிச் சண்டை போடுவான்? வாளையும் குதிரையையும் பற்றி எழுதியவர்கள் இதையும் எழுதியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கோட்டை வாழ்க்கை புரிய மதில்களைவிட இந்த இருக்கைதான் உதவும்.

வெளியே வந்ததும் ஒரு சின்னக் கடையில் சுட்ட ஹலூமி சீஸ், பிட்டா ரொட்டி, தக்காளி. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, உப்பு கொஞ்சம் தூக்கல். துறைமுக ஓட்டல் விலையில் பாதிகூட இல்லை. ரொட்டி தீர்ந்ததும் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார் கடைக்கார அம்மா. காசு வாங்க மறுத்துவிட்டார்!

போகிறவர்கள் காலையிலேயே கோட்டையை முடித்துவிடுங்கள், நிழல் கிடையாது. கல் இடுக்குகளில் ஏறி இறங்க ஷூ வேண்டும். அதே பூங்காவிலுள்ள டயோனைசஸ் மாளிகை மொசைக்குக்குக் கூரை இருக்கிறது, வெயில் ஏறிய பிறகு அங்கே போகலாம்.