கீழே கடை, மேலே வீடு: ஸ்பிரிங்க்ளருக்கு ஒப்புதல் வாங்கிய அனுபவம்

குடியிருப்போர் சங்கத்தில் ஸ்பிரிங்க்ளர் வேலையை, அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பைப் பொருத்தும் வேலையை, என் தலையில் கட்டினார்கள். எங்கள் கட்டடத்தில் தரைத்தளம் முழுக்கக் கடைகள், மேலே மூன்று மாடி வீடுகள். சிக்கலே அந்தக் கலவைதான்.

வடிவமைப்பாளர் என்.எஃப்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பின் தரநிலைகளை வைத்து வேலை செய்பவர். தனி வீடுகளுக்கு 13டி, நான்கு தளம் வரையுள்ள குடியிருப்புகளுக்கு 13ஆர், மற்றவற்றுக்கு 13. முதல் இரண்டும் ஆட்கள் தப்பிக்க நேரம் வாங்கித் தருபவை. 13 என்ற தரநிலையோ கட்டடத்தையும் சேர்த்துக் காக்கப் பார்க்கும். மாடிகளுக்கு 13ஆர் போதுமே, செலவு குறையுமே என்று சிலர் இழுத்தார்கள். காலடியில் அட்டைப்பெட்டியும் துணியும் குவிந்திருக்கும்போது அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை. முழுக் கட்டடத்துக்கும் 13 என்றே முடிவானது.

அப்புறம் கணக்கு. வீடுகள் குறைந்த ஆபத்து வகை என்பதால் தண்ணீர் தெளிக்கும் ஒரு முனைக்கு (இதைத் ‘தலை’ என்பார்கள்) அதிகபட்சம் 225 சதுர அடி, கடைகளுக்கு 130தான். பம்பு, தொட்டி அளவெல்லாம் கடைகளின் தேவையை வைத்தே வந்தது.

உண்மையான போராட்டம் வீட்டுக்காரர்களோடு. ஒரு அறையில் புகை வந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் கொட்டும் என்று நம்பினார்கள். சினிமா செய்த வேலை! புகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு தலையிலும் திரவம் நிரம்பிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும். எது சூடாகிறதோ அது மட்டும் திறக்கும். குமிழைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துகள் வந்தன.

குழாய்களை 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு) அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்துச் சோதித்தார்கள், பிரச்சினையில்லை. ஒப்புதல் தர வந்த ஆய்வாளரின் கண் வேறு எங்கோ இருந்தது. ஒரு வீட்டில் பெயின்டர் ஸ்பிரிங்க்ளர் தலைமீதும் தூரிகையை ஓட்டியிருந்தார். துடைத்தால் செல்லாது, மாற்றியே ஆக வேண்டும். ஒரு கடையில் சரக்கு கூரையை முட்டியது. தலைக்குக் கீழே 18 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். மாற்றுத் தலைகள் வைத்த பெட்டியையும் திறந்து பார்த்தார்: குறைந்தது 6 தலைகள், கூடவே திருகும் சாவி.

கடைசியில் சோதனை வால்வைத் திறந்தார், தண்ணீர் ஓடியதும் எச்சரிக்கை மணி அடித்தது. கடைக்காரர் மேல் அடுக்கைக் கழற்றிய பிறகு ஒப்புதல் கடிதம் வந்தது.