ராத்திரி பத்து மணியும் சாயங்காலம் ஐந்தரையும்

மார்ச் 3, திங்கள்

காலாண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் ‘முயற்சி’, பக்கத்துக் கட்டத்தில் ‘விளைவு’. எங்கள் மென்பொருள் டீமில் இரண்டு பேரிடம் வரும்போது கை நின்றுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ராத்திரி பத்து வரை இருக்கிறார். கொடுத்த பிழை இன்னும் தீரவில்லை. மூத்தவர் ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் பெயரில் பாக்கி எதுவும் கிடையாது. மேலே இருப்பவர் கண்ணில் படுவது பத்து மணிதான். “எவ்வளவு உழைக்கிறாங்க பாருங்க” என்கிறார். நாற்காலி தேய்வதையெல்லாம் உழைப்புக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

மார்ச் 6, வியாழன்

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தேன். “இதுவரை என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க, வரிசையாச் சொல்லுங்க” என்றேன். லாக் கோப்பை (நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) முதல் வரியிலிருந்து படிப்பது, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவது, திரும்பவும் லாக். இதே சுற்றுதான். உழைப்புக்குக் குறையே இல்லை, கையில் இருந்த வழிதான் ஒன்றே ஒன்று. தகவல் போகிற பாதையை இரண்டாகப் பிரித்து, பிழை முன்பாதியிலா பின்பாதியிலா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அகப்பட்ட பாதியை மறுபடி இரண்டாக்க வேண்டும். ஒரு தடவை செய்து காட்டியதும் மீதியை அவரே பிடித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குள் பிழை நிரலின் எந்தப் பகுதியில் என்று தெரிந்துவிட்டது.

1998-இல் கிளாடியா ம்யூலரும் கேரல் ட்வெக்கும் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்று மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி வரும். ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் துவண்டார்கள்; உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். இதைக் கேட்டுவிட்டு ‘நல்ல முயற்சி’ என்று முதுகைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வெறும் முயற்சியைப் பாராட்டினால் போதாது, வழியை மாற்றிப் பார்ப்பதும் உதவி கேட்பதும் சேர வேண்டும் என்று ட்வெக்கே பிற்பாடு விளக்க வேண்டி வந்தது. அந்தப் பகுதியை ஏனோ யாரும் வகுப்பில் சொல்வதில்லை.

மார்ச் 12, புதன்

யார் எத்தனை டிக்கெட் (ஒவ்வொரு பிழைக்கும் வேலைக்கும் போடும் சீட்டு) மூடினார்கள் என்று பெரிய திரையில் போடலாமாம். மேலிடத்து யோசனை. எண்ணிக்கையைத் தொங்கவிட்டால் எல்லாரும் சின்ன டிக்கெட்டாகப் பொறுக்குவார்கள். பெரியது அனாதையாகக் கிடக்கும். ஓர் அளவே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்பதுதான் குட்ஹார்ட் விதி. 1975-இல் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிப் பேசும்போது சொன்னதிலிருந்து வந்தது. எங்கள் டிக்கெட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. மூடிய பிறகு திரும்பி வந்தவற்றையும் சேர்த்துக் காட்டினால் சம்மதம் என்றேன். அதிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். சரி, கொஞ்சம் சிரமப்பட்டாவது கண்டுபிடிக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

ரிலீஸ், அதாவது புதிய பதிப்பு, சிக்கலில்லாமல் வாடிக்கையாளருக்குப் போனது. மூத்தவருக்கு எல்லாரும் கைதட்டினார்கள். டெஸ்ட்டில் பாதியை ஓட்டாமலே விட்டுவிட்டுத்தான் அனுப்பினார் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வேலை முடிஞ்சுதே, அப்புறம் என்ன?” என்றார்.

“முடிஞ்சுது சார். அடுத்த தடவையும் இப்படியே அனுப்புவீங்களா?”

“வாடிக்கையாளர் நம்ம டெஸ்ட்டையா பார்க்கிறார்?”

அவர் சொல்வதும் நியாயம்தான். விளைவுக்குத்தான் சம்பளம். ஆனால் விளைவை வைத்து முடிவின் தரத்தை எடை போடுவது மனித சுபாவம். ஆய்வாளர்கள் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே அறுவைச் சிகிச்சை முடிவு. நோயாளி பிழைத்தார் என்ற கதையில் மருத்துவரின் முடிவுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள், இறந்தார் என்ற கதையில் குறைவாகக் கொடுத்தார்கள். முடிவெடுத்தபோது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது இரண்டு கதையிலும் ஒன்றேதான். இன்று ரிலீஸ் விழுந்திருந்தால் கைதட்டிய அதே ஆட்கள் இவரைக் கிழித்திருப்பார்கள்.

மார்ச் 19, புதன்

நாள் முழுக்க மீட்டிங். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பக்கத்து டீம் லீட் அடித்துச் சொல்கிறார்: “திட்டினாத்தான் சார் ரிசல்ட் வருது. பாராட்டினா அடுத்த வாரமே சொதப்புறாங்க.” இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவரும் உளவியலாளர் டேனியல் கானமனிடம் இதையேதான் சொன்னார். கானமன் கண்ட விளக்கம் வேறு. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்றுத் தேறும், மிக நல்ல நாளுக்கு அடுத்தது சற்று இறங்கும். திட்டினாலும் திட்டாவிட்டாலும் அப்படித்தான். சராசரிக்குத் திரும்புவது என்பார்கள். லீட் தலையாட்டினார்; நம்பியதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

படிவத்தை அனுப்பிவிட்டேன். தெரிந்த வேலை செய்கிறவரிடம் விளைவைக் கேட்டேன், அதை எப்படிக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்து. மூத்தவருக்கு மதிப்பெண் அரைப்படி குறைந்தது. காரணத்தை முகத்துக்கு நேராகவே சொன்னேன், பிடிக்கவில்லை. புதியவருக்கு ‘வெள்ளிக்குள் முடிக்கணும்’ என்ற இலக்கை எடுத்துவிட்டு, ‘இந்தப் பிழைக்குக் குறைந்தது மூன்று விளக்கம் யோசித்து ஒவ்வொன்றையும் சோதிக்கணும்’ என்று மாற்றினேன். பழகாத சிக்கலான வேலையில் கற்றல் இலக்குதான் எடுபடும். அவர் கை தேறியதும் தேதி திரும்பி வரும், அதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த ரிலீஸை அந்தப் பெண் அனுப்ப, மூத்தவர் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். “அப்போ ஐந்தரைக்குக் கிளம்ப முடியாதே” என்றார். டெஸ்ட்டை முந்தின நாளே ஓட்டினால் முடியும் என்றேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார்.