‘நிலவளம்’: மூன்றாவது முயற்சி

முதல் வாரம். நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ நாவலை, க.நா.சு. மொழிபெயர்ப்பில், மூன்றாவது முறையாகக் கையில் எடுத்திருக்கிறேன். முன்பு இரண்டு முறையும் பாதியில் மூடி வைத்தேன். 1920இல் நோபல் பரிசு பெற்ற இந்த நார்வே எழுத்தாளர், 1943இல் அந்தப் பதக்கத்தைக் நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தவர். 1945 மே மாதம், தன் நாடு ஜெர்மானியர் பிடியிலிருந்து இன்னும் விடுபடாத நாளில், ஹிட்லரைப் போற்றி இரங்கல் எழுதியவர். இது தெரிந்தபின், நாவலின் நாயகனான குடியானவன் ஐசக் காட்டைத் திருத்தி உருளைக்கிழங்கு நட்டாலும் அதில் இனத்தையும் நிலத்தையும் பிணைத்த நாஜிகளின் ‘மண்ணும் ரத்தமும்’ முழக்கமே எனக்குக் கேட்டது. பென்சிலும் கையுமாகக் குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். இம்முறை பென்சில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரவில் இருபது பக்கம், அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம். இங்கர், ஐசக்கின் மனைவி. பிளவுபட்ட உதட்டோடு பிறந்து, வாழ்நாளெல்லாம் ஏளனம் சுமந்தவள். தனக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே உதடு என்று கண்டதும் அதைக் கொன்று புதைத்துவிடுகிறாள். சென்ற முறை நின்றுபோன இடம் இது. ஊனமுற்ற குழந்தைகளை நாஜிகள் கொன்றது நினைவுக்கு வந்து, மேலே படிக்க முடியவில்லை. இப்போது பொறுத்துப் படித்தேன். நாவல் அந்தக் கொலையை மெச்சவில்லை. அவளை வெறுக்கவும் இல்லை. சிறைக்குப் போன இடத்தில் அவளுடைய உதட்டை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்கிறார்கள். அந்தக் குழந்தைக்கும் இதுவே போதுமாக இருந்திருக்குமே! புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன்.

மூன்றாம் வாரம். ஒரு சந்தேகத்தில் முன்பக்கங்களுக்குத் திரும்பினேன். துருவமான் மேய்க்கும் ‘சாமி’ (Sami) என்ற வடபுலப் பழங்குடி மக்கள் வரும் இடங்களிலெல்லாம் ஓர் இளக்காரம். ஒட்டிப் பிழைப்பவர்களாக, கெட்ட சகுனமாக வந்து போகிறார்கள். கருவுற்றவள் முயலைக் கண்டால் குழந்தைக்கு உதடு பிளவுபடும் என்பது அங்குள்ள நம்பிக்கை; கருவுற்ற இங்கரின் கண்ணில் முயலைக் காட்டுகிறவனும் அவர்களில் ஒருவனே. இதெல்லாம் 1917இல் அச்சானது. ஹிட்லரை அன்று யார் அறிவார்? ஆசிரியரின் முதுமையில் நான் தேடியது நாவலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஐசக் உழைத்துத் திருத்தும் நிலத்தை அவர்களும் தலைமுறைகளாக அறிந்தவர்கள்தாமே. இந்தக் குறையை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஐசக் விதைக்கும் பக்கத்தை இரண்டு முறை படித்தேன், அத்தனை அழகு.

நான்காம் வாரம். இரண்டாம் பாகம் தொடங்கியாயிற்று. செப்புச் சுரங்க விவகாரம் இழுக்கிறது. நேற்று பத்துப் பக்கம்தான் நகர்ந்தது. ஐசக்குக்கு உதவிய பழைய அதிகாரி கெய்ஸ்லர் மீண்டும் வந்துவிட்டார், இன்றிரவு அவருக்காகவே உட்காரப்போகிறேன்.